ஒன்பதுக்கு விலை பேசியவன்

போன வாரம் சுதாராணியை அவள் அண்ணன் விஜயராஜின் பிரவுசிங் சென்டரில், மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர் முன்னால், திறந்த வாய் மூடாமல் நிறுத்திவிட்டுப் போயிருந்தோம். ஏழு நாளாக நிற்கிறாள். முதலில் அவளை உட்கார வைப்போம்.

அவள் பார்த்தது இதுதான். நாலு மாதம் மெனக்கெட்டு அவள் எழுதிய பதினோரு வரி, லினக்ஸ்காரர்களின் மெயில் லிஸ்ட்டுக்குப் போயிருந்தது. அடியில் இருந்த பெயர்: பூ. விஜயராஜ்.

அந்தப் பதினோரு வரியில் ஏதாவது ஒரு வரிக்கு அர்த்தம் கேட்டால், விஜயராஜ் மேலே ஓடுகிற ஃபேனைத்தான் பார்ப்பான்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். லினக்ஸின் கெர்னல் என்பது கம்ப்யூட்டருக்குள் இருந்துகொண்டு பிரிண்டர், மவுஸ், கீபோர்டு அத்தனையையும் வேலை வாங்குகிற மேஸ்திரி. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து எழுதியது அது. குறை தெரிந்தால் யாரும் திருத்தி எழுதி லிஸ்ட்டுக்கு அனுப்பலாம். அந்தப் பகுதிக்கென்று ஒரு பொறுப்பாளர் இருப்பார். துருவித் துருவிக் கேட்பார். பதில் சரியாக இருந்தால் சேர்த்துக்கொள்வார். காசு கிடையாது. எழுதியவர் பெயர் மட்டும் அதில் நிற்கும்.

காசு கிடையாது என்ற இடத்திலேயே இவர்களுடைய அப்பா பூவனநாதனுக்குக் காது அடைத்துவிடும். கோவில்பட்டியில் இரட்டைக் கொக்கு மார்க் தீப்பெட்டி என்றால் அவர்தான். அந்த ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்றுதான் பெயர். அவருடைய ஆபீசில் பண்டல் மேல் ஒட்டுகிற சீட்டு அடிக்கிற பிரிண்டர் பழசு, கம்ப்யூட்டர் புதுசு. இரண்டையும் சேர்த்துவைக்க நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு கன்வெர்ட்டர். அதை மாட்டிய நாளிலிருந்து சீட்டில் கடைசி இரண்டு மூன்று எழுத்து விழாமல் போனது.

"பேனா இருக்குல்லா, எழுதி விடு" என்றார் பூவனநாதன்.

இன்ஜினீயரிங் படித்துவிட்டு வீட்டோடு இருக்கிற மகள் பேனாவை எடுக்கவில்லை. கெர்னலைத் திறந்து பார்த்தாள். கோளாறைக் கண்டும் பிடித்தாள். குடும்பத்தில் அதற்குக் கிடைத்த பெயர், 'சும்மா கம்ப்யூட்டர நோண்டிக்கிட்டு இருக்கா.'

அவள் சென்டர் கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருந்த அந்த நோண்டலைத்தான் விஜயராஜ் தூக்கித் தன் பெயரில் அனுப்பியிருந்தான்.

"இது என்னண்ணே?"

"ஏட்டி, எதுக்கு இப்படி முழிக்கே? என் சென்டர்ல இருந்து போயிருக்கு. பிறகு எவன் பேர்ல போவும்?"

"எழுதினது நான்."

"நம்ம ஆபீஸ்ல பெட்டி ஒட்டுதது வெயிலம்மா. லேபிள்ல வெயிலம்மா படமா போட்டிருக்கு? கொக்குப் படம்லா போட்டிருக்கு."

அப்பன் சொத்தில் நாற்காலி வாங்கி அப்பன் சொத்தில் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு, வாசலில் தன் பெயரை ஐந்தடிக்கு எழுதி வைத்திருக்கிறவன் வேறு எப்படிப் பேசுவான்?

சுதாராணி கீழே கீழே தள்ளிப் படித்தாள். பொறுப்பாளர் ஐரோப்பாவில் எங்கேயோ இருக்கிறவர். ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். 'பிரிண்டர் இணைப்பை மூடும் முன் ஒன்பது மில்லிசெகண்ட் காத்திருக்கச் சொல்கிறீர்கள். ஏன் ஒன்பது?'

அதற்கு அண்ணன் அனுப்பிய பதிலைப் படித்தவள், நம்பாமல் இரண்டாம் தடவையும் படித்தாள்.

'மதிப்பிற்குரிய ஐயா, உங்களுக்காக ஏழு.'

பொறுப்பாளர் திரும்ப எழுதியிருந்தார். 'எனக்குப் புரியவில்லை. முதலில் ஏன் ஒன்பது, இப்போது ஏன் ஏழு?'

அதற்கும் அண்ணன் சளைக்கவில்லை. 'கடைசியாக ஆறு. வேறு யாரிடமும் சொல்ல வேண்டாம்.'

"அண்ணே, நீ என்ன செஞ்சு வச்சிருக்க?"

"யாவாரம் செஞ்சிருக்கேன். ஏன் ஒன்பதுன்னு ஒருத்தன் கேட்டா என்ன அர்த்தம்? சாஸ்தின்னு அர்த்தம், குறைன்னு அர்த்தம். எடுத்ததும் ரெண்ட விட்டேன். பிறகு ஒண்ணு. இன்னும் ஒண்ணு கையில வச்சிருக்கேன். ரொம்ப இழுத்தான்னா அஞ்சுக்கு முடிச்சிருவேன்."

"அந்தக் கன்வெர்ட்டருக்குள்ள எட்டு எழுத்து தங்கும். ஒரு எழுத்து வெளிய போவ ஒரு மில்லிசெகண்டுக்குக் கொஞ்சம் மேல ஆவும். எட்டும் போவ எட்டே காலுக்கு மேல. அதான் ஒன்பது. ஏழுல மூடினா கடைசி ரெண்டு எழுத்து உள்ளயே செத்துரும். ஆறுன்னா மூணு எழுத்து செத்துரும்."

"அத அவன்ட்ட எதுக்குச் சொல்லணும்? நம்ம கொள்முதல எவனாவது வாங்க வந்தவன்ட்ட சொல்லுவானா?"

"இது மாட்டுத் தரகு மாதிரி துண்டப் போட்டு மூடி விரலப் பிடிச்சுப் பேசுத யாவாரம் இல்லண்ணே. நீ எழுதினது லிஸ்ட்ல இருக்க அத்தன பேருக்கும் போயிருக்கு."

"அத்தன பேருன்னா?"

"உலகம் பூரா."

விஜயராஜ் யோசித்தான். "யார்ட்டயும் சொல்ல வேண்டாம்னு போட்டிருக்கேனே."

சுதாராணி அடுத்த மெயிலை மட்டும் காட்டினாள். பிரேசிலிலிருந்து எவனோ ஒருவன், திருத்தத்தில் தீப்பெட்டிச் சீட்டு என்று இருந்ததைப் பிடித்துக்கொண்டு, 'நான் நாலுக்குத் தருகிறேன், தீப்பெட்டி இலவசம்' என்று எழுதியிருந்தான்.

"பாத்தியா," என்றான் விஜயராஜ், "போட்டிக்கு ஆள் வந்துட்டான். நீ பேசிக்கிட்டே நின்னா கை விட்டுப் போயிரும்."

இவனுக்குத்தான் பெண் கொடுக்க, விளாத்திகுளத்திலிருந்து ஒரு குடும்பம் அன்றைக்கு வீடு பார்க்க வருகிறது.

கடைசி மெயில் அன்று அதிகாலையில் வந்தது. பொறுப்பாளர் நாலே வரியில் முடித்திருந்தார். 'இன்று இரவு என் பகுதிக்கு வந்த திருத்தங்களைக் கட்டாகக் கட்டி மேலே அனுப்புகிறேன். அதற்குள் ஒன்பதுக்குக் காரணம் சொன்னால் சேர்க்கிறேன். இல்லாவிட்டால் குப்பையில். எண்களை ஏலம் விடுகிறவர்களோடு எனக்கு வேலை இல்லை.'

இன்று இரவு. சுதாராணி கடிகாரத்தைப் பார்த்தாள். காலை மணி எட்டே முக்கால்.

*

வீட்டில் பூவனநாதன் குளித்துத் திருநீறு பூசி, முன்னறையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு எந்த நாற்காலி என்று கணக்கிட்டுக்கொண்டிருந்தார். நல்ல நாற்காலி பெண்ணின் தகப்பனுக்கு. கால் ஆடுகிற நாற்காலி தன் மகளுக்கு.

மகள் சொன்னதை முழுக்கக் கேட்டார். கேட்டவர், தலைவலி மாத்திரை விழுங்குகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

"சரி. காரணம் உனக்குத் தெரியும்லா? எழுதி அவன் பேர்ல அனுப்பு."

"என் வேலப்பா."

"யாரு இல்லன்னா? வீட்டுக்குள்ள இருக்குததுக்கு என்ன உன் பேரு என் பேரு? ரெண்டாவது ஆபீஸ் லைசென்ஸ் உன் பேர்ல இருக்கு. நான் என்னைக்காவது என் பேருன்னு சொல்லியிருக்கேனா?"

சொன்னதில்லைதான். பெயர் அவளுடையது, சாவி, சரக்கு, லாபம் மூன்றும் அவருடையது. நீட்டிய காகிதத்தில் எல்லாம் அவள் ஆறு வருடமாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அந்த ஆபீசுக்குள் மொத்தம் இரண்டு தடவை போயிருக்கிறாள். இரண்டும் ஆயுத பூஜை.

"அடியில ஒரு வரி எழுதணும்ப்பா. இது என் சொந்த வேல, இதக் குடுக்க எனக்கு உரிமை இருக்குன்னு பேரப் போட்டுச் சொல்லணும். அண்ணன் பேரப் போட்டா அது பொய்ச் சத்தியம்."

"சத்தியம் பண்ணுத அளவுக்கு அதுல என்ன இருக்கு? சும்மா குடுக்குத சாமான்." சொல்லிவிட்டுக் குரலை இறக்கினார். "ஜாதகத்தோட குடுத்த காகிதத்துல, மாப்பிள்ளை லினக்ஸ்ல பேர் வாங்கினவருன்னு போட்டிருக்கு. பொண்ணோட அண்ணன் பெங்களூர்ல அந்த வேலதான் பாக்கானாம். இன்னைக்கு ஒரு நாள் கழியட்டும்."

அம்மா சுந்தரம்மாள் அடுக்களையிலிருந்து தலையை நீட்டினாள். "வந்தவிய முன்னால நீ கம்ப்யூட்டர் கிம்ப்யூட்டர்னு வாயத் தொறந்துராத. காப்பியக் குடுத்தமா, உள்ள வந்தமான்னு இரு."

"இந்தா, இதையும் போட்டு வச்சிரு." பூவனநாதன் மேஜையில் ஒரு கட்டுக் காகிதத்தைத் தட்டினார். "லைசென்ஸ் ரினியூவல். நாளைக்குக் கடைசி நாள். பென்சில்ல பெருக்கல் குறி போட்ட எடத்துல எல்லாம்."

சுதாராணி கட்டை எடுத்துக்கொண்டாள். வீட்டுக்குள்ளேயே கம்ப்யூட்டர் வைத்திருந்த ஆபீஸ் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். டெலிபோன் லைனை மோடத்தில் மாட்டினாள். அது வழக்கம்போல் கீச்சிட்டுக் காறியது.

எழுதினாள். எட்டு எழுத்து, ஒரு எழுத்துக்கு ஆகிற நேரம், நானூறு சீட்டு அடித்துப் பார்த்ததில் ஏழில் எத்தனை கெட்டது, எட்டில் எத்தனை, ஒன்பதில் ஒன்றும் கெடாதது. அதற்கு மேல் ஒரு வரி: 'முந்தைய இரண்டு பதிலையும் எழுதியவர் இந்தத் திருத்தத்தை எழுதியவர் அல்ல.' அண்ணன் அனுப்பியதில் வரிகள் உடைந்து கோணிப்போயிருந்தன, அதையும் ஒழுங்காக்கினாள்.

அடியில் உரிமை சொல்கிற வரி. பூ. சுதாராணி.

யாரும் பெருக்கல் குறி போட்டுக் காட்டாத இடத்தில் அவள் பெயர் எழுதியது அதுதான் முதல் தடவை. அனுப்பினாள்.

லைசென்ஸ் காகிதங்களை அப்படியே மடித்துக் கீபோர்டின் அடியில் வைத்தாள்.

*

பதினொரு மணிக்குக் கார் வந்தது. டயர் முழுக்கக் கரிசல் மண். ஐப்பசி மழையில் விளாத்திகுளம் ரோடு அப்படித்தான் ஆளை அனுப்பும்.

இறங்கியவர்கள் இரண்டு பேர். பெண்ணின் தகப்பன் சுடலைக்கண்ணு, மிளகாய் கமிஷன் கடை. அவர் மகன் ஹரி, பெங்களூர்க்காரன். சுடலைக்கண்ணு வாசல் நிலையைத் தட்டிப் பார்த்தார், தரையை மிதித்துப் பார்த்தார், சுவரில் விரலை வைத்துப் பார்த்தார். வீடு பார்க்க வந்தவர் வீட்டைப் பார்த்தார். ஹரி எதையும் பார்க்கவில்லை. பெங்களூரில் நாலு வருடம் இருந்தவனுக்கு இந்த ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தான்.

கடம்பூர் போளியைத் தட்டில் வைத்தார்கள். ஹரி ஒரு விள்ளல் பிய்த்தான்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்" என்றான் விஜயராஜிடம். "ஒன்பத எதுக்கு ஏழாக் கொறைச்சீங்க?"

பூவனநாதன் காப்பியை உறிஞ்சுவதை நிறுத்தினார்.

"அது வந்து..." விஜயராஜ் ஃபேனைப் பார்த்தான். "சூழ்நிலையப் பொறுத்து."

"பிறகு ஆறு?"

"அதுவும் சூழ்நிலைதான்."

"வெள்ளிக்கிழமை எங்க ஆபீஸ்ல அத பிரிண்ட் எடுத்து சுவத்துல ஒட்டியிருக்காங்க. போற வாற எல்லாரும் பாக்காங்க. எங்க ஊர்ப் பக்கம்தான்னு நான் வெளிய சொல்லிக்கல."

சுடலைக்கண்ணுவுக்கு விவகாரம் விளங்கவில்லை. "என்னலே அது, விவரமாச் சொல்லு."

ஹரி சொன்னான். வெளிநாட்டுக்காரன் ஏன் ஒன்பது என்று கேட்டதும், இவர் ஏழு என்றதும், ஆறு என்றதும்.

சுடலைக்கண்ணு கேட்டு முடித்துவிட்டு விஜயராஜை முதல் தடவையாக மரியாதையோடு பார்த்தார்.

"இதுல என்னலே தப்பு? எடுத்ததும் ரெண்டு, பிறகு ஒண்ணு. முறையாத்தான எறங்கியிருக்காரு. எடுத்ததும் நாலக் கொறைச்சிருந்தா எனக்கே சந்தேகம் வந்திருக்கும்."

பூவனநாதன் காப்பியை மறுபடி உறிஞ்ச ஆரம்பித்தார். மிளகாயும் தீக்குச்சியும் ஒன்றையொன்று புரிந்துகொண்டன. பெரியவர்கள் இருவரும் விலை நிலவரத்துக்குள் இறங்கிவிட்டார்கள்.

காலித் தம்ளர் எடுக்க வந்த சுதாராணி நின்றாள்.

"உள்ள எட்டு எழுத்து நிக்கும். அது வெளிய போவுததுக்குத்தான் ஒன்பது" என்றாள்.

அடுக்களையில் சுந்தரம்மாள் கரண்டியைக் கீழே போட்டாள்.

ஹரி நிமிர்ந்தான். அவளைத் தம்ளரோடு சேர்த்து மேலிருந்து கீழே பார்த்தான். "நீங்களா எழுதினது?"

"ஆமா."

"அதான பாத்தேன். புரோகிராம் சுத்தமா இருந்துச்சு, பேச்சு மட்டும் மாட்டுச்சந்தை மாதிரி இருந்துச்சு." போளியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தான். "ஒண்ணு செய்ங்க. எனக்கு அனுப்பிருங்க. என் பேர்ல நான் போட்டுருதேன். லிஸ்ட்ல எனக்கு ஒரு மதிப்பு இருக்கு, உடனே ஏத்துக்கிடுவாங்க. கோவில்பட்டின்னு பேரப் பாத்தா இனிமே அவிய சிரிக்கத்தான் செய்வாங்க."

இன்னொருத்தன். பெங்களூர் போய் இங்கிலீஷ் படித்துவிட்டு வந்து, அதே துண்டைத்தான் கையில் போர்த்திக்கொண்டு நிற்கிறான்.

"காலைலயே என் பேர்ல அனுப்பிட்டேன்" என்றாள் சுதாராணி. "பதில் வந்திருக்கான்னு பாக்கப் போறேன். வருதீங்களா?"

*

பதில் வந்திருந்தது. கம்ப்யூட்டர் முன்னால் அவள் உட்கார, ஹரி பின்னால் நின்று படித்தான். வாசலில் விஜயராஜ். அவனுக்குப் பின்னால் பூவனநாதன், சிரித்த முகத்தை முன்னறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

'விளக்கம் சரி. ஒன்பது சரி. ஆனால் ஒரே பதினோரு வரியை இரண்டு பேர் தங்களுடையது என்று கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஒருவர் பொய் சொல்கிறார். யார் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் தெரிந்தது போதாது. முதல் ஆள் இதே லிஸ்ட்டில் தன் கையெழுத்தைத் திரும்பப் பெறட்டும். இரவு கட்டுவதற்குள்.'

ஹரி தோளைக் குலுக்கினான். "அவிய சொன்னா சொன்னதுதான். இனி என்னாலயும் ஒண்ணும் செய்ய முடியாது." முன்னறைக்குப் போய்விட்டான். மிச்சப் போளி இருந்தது.

"அண்ணே, ஒரு வரி எழுது. இது என்னுது இல்ல, தெரியாம அனுப்பிட்டேன்னு."

"உலகம் பூராப் படிக்கும்னு நீதான சொன்ன?"

"ஆமா."

"அப்பம் எப்படிட்டி எழுதுவேன்? எனக்குன்னு ஒரு கௌரவம் இல்லையா?"

இருந்திருந்தால் அவன் மெயிலை ஹரியின் ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்க மாட்டார்கள். சுதாராணி அப்பாவைப் பார்த்தாள்.

பூவனநாதன் தொண்டையைச் செருமினார். "அங்கன தாம்பூலம் மாத்தப் போறாங்க. இந்த நேரத்துல மாப்பிள்ளை போய் நான் திருடினேன்னு எழுதுவானா? கல்யாணம் முடியட்டும். தை பெறக்கவும் எழுதச் சொல்லுதேன். என் பொறுப்பு."

"இன்னைக்கு ராத்திரிக்குள்ளப்பா."

"சரி, அவிய கார் ஏறட்டும். நாளைக் காலைல."

சுதாராணி கீபோர்டைத் தூக்கினாள். அடியிலிருந்து லைசென்ஸ் காகிதக் கட்டை எடுத்தாள். பென்சில் பெருக்கல் குறிகள் எல்லாம் அப்படியே காலியாக இருந்தன.

"நாளைக்குக் கடைசி நாள்னு சொன்னீங்க."

பூவனநாதன் காகிதத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். இருபத்தைந்து வருடத்தில் முதல் தடவையாக, எதிரில் ஒரு வியாபாரி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

"ஏட்டி, அப்பன்ட்டயேவா?"

"உங்கள்ட்டத்தான் படிச்சேன். அண்ணன் கையெழுத்த எடுக்கட்டும். நான் கையெழுத்துப் போடுதேன்."

"முப்பது பேரு வேல பாக்குத ஆபீஸ்."

"தெரியும். என் பேர்லதான இருக்கு."

அவர் பழக்கப்பட்ட குரலுக்கு வந்தார். இறங்கி, இழுத்து, விட்டுப் பிடிக்கிற குரல். "இப்படிச் செய்வோம். அவன் உனக்கு மட்டும் ஒரு மெயில் எழுதித் தரட்டும். லிஸ்ட்டுக்கு வேண்டாம். நீ அந்த வெள்ளைக்காரனுக்குத் தனியாக் காட்டு. சரியா? உனக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம்."

"அப்பா, இது ஒன்பது. ஏழு ஆவாது."

பூவனநாதன் வாழ்நாளில் சொன்ன விலைக்கு ஒரு சாமானும் வாங்கியதில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மகளிடம் நீட்டப் போனவர், பாதியில் நிறுத்தி மகன் பக்கம் திரும்பினார்.

"உக்காருலே."

"அப்பா..."

"உக்காருன்னு சொல்லுதேன்ல."

விஜயராஜ் உட்கார்ந்தான். சுதாராணி எழுந்து இடம் விட்டாள். அவன் ஒரு விரலால் முதல் எழுத்தைத் தேடினான்.

முன்னறையிலிருந்து சுடலைக்கண்ணுவின் குரல் நெருங்கி வந்தது. "மாப்பிள்ளை எங்க? அந்த வெள்ளைக்காரன எப்படி ஆறுக்கு இறக்கினாருன்னு அவரு வாயாலயே கேக்கணும். எந்த ரூம்ல இருக்காரு?"

விஜயராஜின் விரல் கீபோர்டுக்கு மேலேயே நின்றது. பூவனநாதன் கதவை மூடப் போனார். அந்தக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது.